புளி படக்கூடாத கல்

உங்களில் சிலர் சின்ன வயதில் ஸ்டாம்பு சேர்த்திருப்பீர்கள். சிலர் தீப்பெட்டிப் படம் சேர்த்திருப்பீர்கள். அந்தப் பைத்தியம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அது சித்தப்பாவுக்கு இருந்தது. அவர் கல் சேர்த்தார். கல் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் இல்லை. மலையிலும் ஓடையிலும் தானாக விளைந்து, தானாகவே பட்டை பிடித்து, முனை கூர்ந்து நிற்கும் பளிங்குகள். பட்டை தீட்டிய கல்லைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “அது தட்டான் பண்ணின அழகு. எனக்கு வேண்டாம்” என்பார்.

நான் சொல்லப்போவதை நம் வயதுக்காரர்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். என் மக்களிடம் சொன்னால், ஒன்பது வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்லிவிடுவார்கள். அந்தச் சமாதானத்தை நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது உதவவில்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு எல்லாம் தெரியும். நீங்களும் நினைத்துப் பாருங்கள்.

கரமனையில் ஆற்றுக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை. அப்பாவுக்கு மூத்தவள் அத்தை. இருபது வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். மடி, ஆசாரம், பூஜை, அடுக்களை எல்லாம் அவள் ஆட்சி. சித்தப்பாதான் வீட்டுக்குக் கடைக்குட்டி. மலையை அளக்கிற சர்வே ஆபீஸில் அவருக்கு வேலை. மாதத்தில் பாதி நாள் பொன்முடிப் பக்கமும் அதற்கு அப்பாலும் காம்ப். சங்கிலியும் கருவியும் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டமே போகும். மற்றவர்கள் மலைத்தேனும் ஏலக்காயும் கொண்டுவருவார்கள். எங்கள் சித்தப்பா காலெல்லாம் அட்டை கடித்த தழும்போடு, தோள் இறங்கும் கனத்துக்கு ஒரு பையோடு வருவார்.

அந்தப் பையை அவிழ்க்கும்போது வருகிற வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. ஈர மண், புகையிலை, நசுங்கிய எலுமிச்சம்புல் எல்லாம் கலந்த வாசனை. அட்டைக்காக அவர் காலில் புகையிலையைக் கட்டிக்கொண்டு போவார். பின்கட்டில் பழைய வேஷ்டியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பாதிக் கல் வெறும் மண்ணாங்கட்டி போலத்தான் இருக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு, நுனி நசுக்கிய வேப்பங்குச்சியால் தேய்த்தால் உள்ளிருந்து முகம் வரும். புகை நிறத்தில் ஆறு பட்டைக் கல். மாதுளை முத்துப் போலச் சிவந்த சின்னச் சின்ன உருண்டைகள். ஏடு ஏடாக உரியும் காக்காப்பொன். நான் தேய்ப்பேன், அவர் துடைப்பார்.

“முனையைப் பிடிக்காதே குட்டி. இடுப்பைப் பிடி. முனை போனா கல்லு போச்சு, கேட்டியா?”

இலவம்பஞ்சு வைத்த சிகரெட் டின்களில் அவை படுத்துக்கொள்ளும். எந்த மலை, எந்த ஓடை, எந்த நாள் என்று பொடி எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கஞ்சிப் பசையால் ஒட்டுவார். அந்தப் பசையைக் காய்ச்சுவது என் வேலை. தெருவில் அவருக்குக் கல் பைத்தியம் என்று பெயர். அத்தை பாதிச் சிரிப்பும் பாதி எரிச்சலுமாக, “ஊரெல்லாம் மலைக்குப் போனா புண்ணியத்தைக் கட்டிண்டு வரா, இவன் மலையையே கட்டிண்டு வரான்” என்பாள்.

மற்றவர்களும் இப்படிச் சேர்த்தார்கள் என்பது தபால்காரர் மூலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சித்தப்பாவைப் போலவே ஒரு பைத்தியம், பார்சலில் கல் அனுப்புவார். இவர் பதிலுக்கு ஒன்று அனுப்புவார். இரண்டு பேரும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஒருமுறை சித்தப்பா தன்னிடமிருந்த வைடூரியக் கல்லை, எண்ணி மூன்று நாள் தூங்காமல் யோசித்துவிட்டு, அவருக்கு அனுப்பினார். பதிலுக்கு வைக்கோலும் பஞ்சும் சுற்றி ஒரு கல் வந்தது.

உள்ளங்கையில் அடங்கும் கல். ஒரு பக்கம் சாய்ந்த சின்னப் பெட்டி போல இருந்தது. தண்ணீரைவிடத் தெளிவு. அதைப் பஞ்சாங்கத்தின் மேல் வைத்து சித்தப்பா என்னைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரிந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடி, கோலத்தை, எறும்பை, என் விரல் ரேகையை எல்லாம் இரண்டிரண்டாகப் பார்த்தேன்.

“இது ஸ்படிகம் மாதிரி இருக்கும், ஆனா ஸ்படிகம் இல்லே. சுண்ணாம்புக்கல் குழியிலே வெளையறது” என்றார். பார்சலில் அதன் உடைந்த சில்லு ஒன்றும் இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டார். சில்லு பொங்கிற்று. பொடிப் பொடியாக நுரை. நான் கைகொட்டினேன். “புளிப்பு பட்டா போச்சு, தின்னுடும்” என்று சொல்லிப் பெரிய கல்லை எடுத்து டின்னில் வைத்து மூடினார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

அடுத்த தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தி வந்தாள். பதினாறு வயது இருக்கும். ஒல்லி. மலையாளம் ஒரு வார்த்தை வராது. ஆற்றங்கரையில் யாராவது “வெள்ளம்” என்று சொன்னால் வெள்ளம் வந்துவிட்டதென்று பயந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாளில் பெரியவர்கள் எதிரில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது வழக்கமில்லை. உங்களுக்குத் தெரியும். பகல் முழுக்க ஒரே கூரையின் கீழ் இரண்டு ஊமைகள். சித்தப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சித்தி கை வைக்கப்போகிற இடமாகப் பார்த்து ஒரு கல்லை வைத்துவிடுவார். அரிசிப் படிக்குள் ஒரு சிவப்புக் கல். கிணற்றடி மாடப்பிறையில் ஒரு துண்டு காக்காப்பொன். சித்தி அதை எடுத்துத் தலைப்பில் முடிந்துகொள்வாள். மறுநாள் அது கழுவித் துடைத்துச் சித்தப்பாவின் செருப்புக்குள் இருக்கும். இது அத்தைக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் விரித்த வேஷ்டியில் நானும் அவரும்தான். இப்போது கல் தேய்க்கும்போது அவர் கண் அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொன்முடியில் ஊதாக்கல் கிடைத்தால் அது எனக்குத்தான் என்று சித்தப்பா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனி மாதம் ஒரு நாள் சித்தி என்னைக் கூப்பிட்டு ரகசியமாக முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

“பாரேன், எவ்ளோ அழகா இருக்கு. உளுந்து டப்பாவிலே இருந்தது.”

கத்தரிப்பூ நிறத்தில், நுனி மட்டும் கருத்து, இருந்தது அந்த ஊதாக்கல்.

அழகாயிருக்கு என்றேன். அன்றைக்கு ராத்திரி, அம்மாவிடம் போய்ச் சொல்லி அழலாம் என்றால் அம்மாவும் இல்லை. தம்பியைப் பெற்றெடுக்கத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாததால் பூஜைக்கு எடுத்து வைக்கிற வேலை சித்தி தலையில் விழுந்திருந்தது.

எங்கள் வீட்டுப் பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விக்கிரகம் கிடையாது. ஐந்து கற்கள். கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமம், நர்மதையிலிருந்து பாணலிங்கம், பிள்ளையாருக்கு ஒரு சிவந்த கல், அம்பாளுக்கு ஒன்று, சூரியனுக்கு ஒரு சின்ன ஸ்படிகம். எதுவும் செதுக்கியது இல்லை. ஆற்றிலும் மண்ணிலும் எப்படிக் கிடைத்ததோ அப்படியே. சித்தப்பா, “நம்மாத்திலே கல் பைத்தியம் நான் முதல் ஆள் இல்லே” என்று சொல்லிச் சிரிப்பார். அப்பா தினம் அபிஷேகம் செய்வார். வீட்டுப் பெண்கள் அந்தக் கற்களைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு கிண்ணத்தில் புளி கரைத்து, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தால், அப்பா கற்களை அதில் போட்டு வைத்து எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுவார். அந்தக் கிண்ணத்தைக் கரைத்து வைப்பது சித்தியின் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூஜை முடிந்து, முதல்நாள் பூக்களை அப்பா ஒரு தட்டில் ஒதுக்கிக் கொடுத்தார். சித்தி அதைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பா கற்களைச் சம்புடத்தில் வைக்கும்போது நாலுதான் இருந்தன. சூரியனைக் காணவில்லை. துளசிக்கும் செம்பருத்திக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு ஆற்றோடு போய்விட்டது. தட்டில் ஒதுக்கியது அப்பா. ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போனவளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

“சூரியனுக்குரிய நாளிலே சூரியனை ஆத்திலே விட்டுட்டு வந்திருக்கா” என்றாள் அத்தை.

அன்று சாயங்காலமே சித்தி தூரமாகிப் பின்கட்டு மூலை அறையில் உட்கார்ந்தாள். மூன்று நாளைக்கு யாரும் அவளைத் தொடக்கூடாது, புருஷன் அந்தப் பக்கமே போகக்கூடாது.

அத்தை சாப்பிடவில்லை. மறுநாள் காலை, பூஜைக்கு வேறு ஸ்படிகம் பார்க்கச் சித்தப்பா தன் டின்களை எல்லாம் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். அவருக்கு அன்றைக்கே காம்ப், ஐந்து வாரம். வாசலில் வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. அத்தை ஒவ்வொரு டின்னாகத் திறக்கச் சொல்லி எட்ட நின்று பார்த்தாள். இதில் புகை ஓடியிருக்கிறது, இதில் பால் கலந்திருக்கிறது, இதில் கீறல் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசி டின்னைத் திறக்கச் சித்தப்பா தயங்கினார். பிறகு திறந்தார்.

அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். “இது என்னதுடா?” என்றாள்.

சித்தப்பா பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “ஸ்படிகந்தான் அக்கா” என்றார்.

அப்பா இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கல்லை, வைடூரியத்தைக் கொடுத்து வாங்கியதை, மூலை அறையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்காகக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு பொய்யும் சொன்னார்.

வண்டியில் ஏறுமுன் என்னை வாசல் ஓரம் கூட்டிக்கொண்டுபோய்க் குனிந்து காதில் சொன்னார்.

“குட்டி, நன்னாக் கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமைக் கிண்ணத்திலே புளியும் வேண்டாம், எலுமிச்சம்பழமும் வேண்டாம்னு சித்திகிட்டே சொல்லு. பயத்தம்மாவைக் கரைச்சு வெச்சா மதி, அதுவே போதும். அண்ணாவுக்கும் அத்தைக்கும் தெரிய வேண்டாம். நீ போய்ச் சித்திகிட்டே மட்டும் சொல்லணும். சொல்லுவியா?”

“சொல்லுவேன்” என்றேன்.

மூலை அறை ஜன்னலுக்கு எட்ட நின்று நான் சொல்லியிருக்கலாம். சித்தி அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவளுடைய தலைப்பில் முடிச்சு இருந்தது. அந்த முடிச்சைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொன்னால் நம்புவீர்கள். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சித்தி கிண்ணத்தைக் கரைத்து வைத்தாள். அப்பா கற்களைப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மற்ற நாலும் சும்மா கிடந்தன. புதுக் கல்லின் மேல் மட்டும் கடுகைவிடச் சின்னதாகக் குமிழ்கள் ஒட்டி ஒட்டி மேலே வந்தன. “சூரியன் மூச்சு விடறார் பாத்தியா?” என்றார் அப்பா. அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். நான் எழுந்து போய்விட்டேன்.

இரண்டாவது வெள்ளிக்குப் பிறகு கல் கொஞ்சம் மங்கிற்று. அபிஷேகப் பால் படிந்திருக்கும் என்றார்கள். அத்தை, “பிசுக்குப் போகல்லே, இன்னும் கொஞ்சம் புளி போடு” என்றாள். சித்தி போட்டாள். மூன்றாவது வெள்ளியன்று ஒரு முழு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கல்லின் ஓரமெல்லாம் மழுங்கிக் கண்ணில் பூ விழுந்தது போல வெளுத்துவிட்டது. அதன் வழியாகப் பார்த்தால் இரண்டும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

அத்தை கணக்குப் போட ஆரம்பித்தாள். அன்றைக்குச் சாயங்காலமா தூரம் ஆனாள்? காலையிலேயே ஆகியிருப்பாள். பூஜை வேலை கெட்டுவிடும் என்று மறைத்திருப்பாள். அந்தக் கையோடு பூத்தட்டைத் தொட்டதால்தான் பழைய சூரியன் போனார், அந்தத் தீட்டு இன்னும் கழியாததால்தான் புதுச் சூரியனுக்குக் கண் போயிற்று. இதை அவள் கத்திச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே, ஒரு நாளைக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னாள். அத்தை கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் முழுப் பட்டினி கிடப்பாள். ஆனால் அந்தக் கற்கள் போனால் வீடு போய்விடும் என்று நம்பினாள்.

“இல்லேக்கா. சத்தியமா சாயங்காலந்தான்” என்று சித்தி சொல்வாள். திரும்பத் திரும்ப அதையே சொல்வாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலாவது வாரம் ஒரு பிற்பகல் அவள் என்னைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் புளி வாசனை. விரல் நுனிகள் தோலுரிந்திருந்தன.

“கொழந்தே, நீ எப்பவும் சித்தப்பாகூட உக்காந்துண்டு கல்லெல்லாம் தேய்ப்பியே. அந்தக் கல்லைப் பத்தி அவர் என்னமானும் சொல்லியிருக்காரா? எதனாலே இப்படி ஆறது? ஒனக்குத் தெரியுமா?”

இந்த இடத்தில்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். நாலு வாரம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பார்கள். பொறாமை அதற்குள் போய்விட்டிருந்தது; பயம்தான் மிச்சம்.

“தெரியாது சித்தி” என்றேன்.

“சாரமில்லே” என்றாள். எங்கள் ஊரில் பரவாயில்லை என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். அவள் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டு வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

அந்த வாரக் கடைசியில் அப்பா அவளைத் தாய்வீட்டில் கொண்டுவிட்டுவரக் கிளம்பினார். பரிகாரம் முடிகிறவரை அங்கே இருக்கட்டும் என்று பேச்சு. தம்பானூர் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். வண்டியில் ஏறியபின் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒன்றை வைத்து மூடினாள். ஊதாக்கல்.

“இது ஒனக்குத் தரேன்னு சித்தப்பா சொல்லியிருந்தாராமே. எனக்குத் தெரியாம போச்சு. வெச்சுக்கோ.”

யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது வரைக்கும் நினைவிருக்கிறது. எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. அன்றைக்குத் தேடவும் இல்லை. வெகு காலம் கழித்துத் தேட ஆரம்பித்தபோது அந்த வீடே கைமாறிவிட்டிருந்தது.

ஒரு வாரத்தில் சித்தப்பா வந்தார். பை தோளில் இருக்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டார். பூஜை அறை வாசலில் போய் நின்று எட்டிப் பார்த்தார். அப்பா சம்புடத்தைத் திறந்து காட்டினார். சித்தப்பாவுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். அப்பாவிடம் உண்மையைச் சொல்லத்தான் திறந்தார் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிறகு, என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பினார். என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“சித்திகிட்டே சொன்னியா, குட்டி?”

“சொன்னேன்.”

“புளி வேண்டாம்னு சொன்னியா?”

“சொன்னேன் சித்தப்பா. எலுமிச்சம்பழமும் வேண்டாம்னு சொன்னேன்.”

அவர் முகம் எப்படி மாறியது என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. தான் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அக்காவுக்குப் பயந்து தன் பேச்சைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். அவளுக்காகத் தன் அண்ணா பூஜையிலேயே பொய்யைக் கொண்டுபோய் வைத்த மனுஷர். அவருக்கு அது தாங்கவில்லை. அப்பாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்ச நாள் கழித்துப் போய் அழைத்துவரலாம் என்று இருந்திருப்பார். அப்பா அந்தக் கல்லை ஆற்றில் விட்டுவிட்டு, காசிக்குப் போனவரிடம் சொல்லி வேறு ஸ்படிகம் வரவழைத்தார். அம்மாவும் தம்பியும் வந்தார்கள். வீட்டில் தொட்டில் ஆடியது. ஐப்பசியில் சித்தப்பா மறுபடி காம்ப் போனார்.

கார்த்திகையில் தந்தி வந்தது. சித்திக்கு விஷஜுரம். தந்தி வரும்போதே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மலையிலிருந்து சித்தப்பாவைக் கூட்டிவர ஆள் போய், அவர் இறங்கி வந்து, ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் வாய்விட்டு அழுதவள் அத்தை ஒருத்திதான். “என் கையாலே அவளுக்கு ஒரு வாய் நன்னாப் போட்டிருக்கேனா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

சித்தப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல் எடுப்பதையும் விட்டுவிட்டார். டின்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. பூச்சி வந்து முதலில் கஞ்சிப் பசைக்காக அந்தத் துண்டுக் காகிதங்களைத் தின்றது. எந்த மலை, எந்த ஓடை என்பது போய்விட்டால் கல் வெறும் கல்தான். தம்பி நடக்கத் தொடங்கியபின் சிவப்புக் கற்களை எடுத்து விளையாடினான். முனைகள் உடைந்தன. சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதினாறாம் வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. சித்திக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன வயதோ அதே வயது. இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு காலையில் சித்தப்பா பின்கட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று பத்து நாளாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

“சித்தப்பா, நான் சித்திகிட்டே சொல்லல்லே. புளி வேண்டாம்னு நீங்க சொன்னதை. அவ கேட்டப்பவும் சொல்லல்லே. உங்ககிட்டே பொய் சொன்னேன்.”

கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

“அவளுக்கு லெட்டர் போட்டேன்” என்றார். “குழந்தைகிட்டே சொல்லி அனுப்பியும் நீ என்னத்துக்குப் புளி போட்டேன்னு கேட்டேன். எங்கிட்டே யாரும் ஒண்ணும் சொல்லல்லேன்னு பதில் எழுதினா. நான் திரும்பி ஒரு லெட்டர் போட்டேன்.”

நிறுத்திக் கத்தியைத் தண்ணீரில் அலம்பினார்.

“குழந்தை பொய் சொல்லாதுன்னு எழுதினேன். அதுக்கு அவ பதில் போடல்லே.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். ஏழு வருஷத்து அழுகை. அவர் என்னைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. மீதிக் கன்னத்தைச் சவரம் செய்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

“இதை யார்கிட்டேயும் சொல்லாதே, குட்டி. அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இன்னும் கொஞ்சம் புளி போடுன்னு அவ வாயாலே சொல்லியிருக்கா. அண்ணா அவர் கையாலே போட்டிருக்கார். அவாளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா.”

சொல்லவில்லை. அத்தை எண்பது வயதுவரை இருந்து, தீட்டுதான் கல்லைக் கெடுத்தது என்று நம்பியபடியே போனாள். அப்பாவும் அப்படியே போனார். சித்தப்பா என் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்தார். என் பிள்ளைகளுக்கெல்லாம் தொட்டிலில் போட்டுப் பெயர் சொன்னார். கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன ஆவணியில் தம்பியும் போய்விட்டான். சொன்னால் தாங்கமாட்டார்கள் என்று பயப்பட வேண்டியவர்கள் இப்போது யாரும் இல்லை, என்னைத் தவிர.